அத்தைக்குத் துணை

எட்டு வயதில், அத்தைக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த ஆள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் லீவு விட்டதும் என்னை மட்டும் ஏன் அவள் வீட்டுக்கு அனுப்பவேண்டும்?

அப்பாவின் தங்கை அவள். கழுகுமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு கட்டைப்பையோடு கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். கன்னம் வீங்கியிருக்கும். மாமா அடித்துவிட்டார் என்பதை, பஸ் லேட்டாக வந்தது என்பதுபோல வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு நாள் கழித்து மாமா ஆப்பிளும் ஆரஞ்சுமாக வருவார். அப்பாவும் பெரியப்பாவும் அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, உளுந்து விளைச்சலைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு அத்தையைக் கூப்பிட்டு அனுசரித்துப் போகச் சொல்வார்கள். அம்மா ஒரு புதுச் சேலை கொடுப்பாள். லீவாக இருந்தால் என்னையும் கொடுப்பாள்.

அந்தக் காலாண்டு லீவில் பஸ் ஏறும் முன் அம்மா என் தோளை அழுத்திச் சொன்னாள். "அத்தைய விட்டு அங்கன இங்கன போகப்படாது. மாமா வீட்டுல இருந்தாருன்னா அவ முந்தானைய விடாதே, என்ன?" நான் தொலைந்துபோவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

மாமாவை அப்போது எனக்குப் பிடிக்காது என்று இப்போது சொன்னால் அது பொய். "மருமவளே" என்று கூப்பிட்டு, யானை மாதிரி நடந்து காட்டுவார். நான் இருந்த நாள்களில் அவர் அத்தையை அடித்ததே இல்லை. மாமா திருந்திவிட்டார் என்று ஒவ்வொரு தடவையும் ஊர் திரும்பிச் சொல்வேன்.

நாலாம் நாள் மத்தியானம் தன் உரக்கடையிலிருந்து சாப்பிட வந்த மாமா, சாப்பிட்ட கையோடு அத்தையின் போனை எடுத்துப் பார்த்தார். காலையில் அத்தை என் அப்பாவிடம் பேசியிருந்தாள். போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்; என் கையில் ரூபாயைத் திணித்தார்.

"மருமவளே, பஸ் ஸ்டாண்டுல பால் ஐஸ் விக்கான். போயி தின்னுட்டு மெதுவா வா."

"அவ இங்கனயே இருக்கட்டும்" என்று அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

"ஏட்டி, விடு. சின்னப்புள்ள ஆசப்படுதுல்லா."

அவள் விடவில்லை. ஒரு ஐஸுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

பெருந்தன்மையாக அத்தைக்கும் ஒன்று வாங்கினேன். திரும்பி வந்தபோது கதவு தாழிட்டிருந்தது. உள்ளே டிவி அலறியது. எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. அத்தையின் ஐஸ் உருகி முழங்கைவரை வழிந்தது. கடைசியில் கதவைத் திறந்த மாமா, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. இடது கை ஒரு மாதிரி தொங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐஸ் உருகிவிட்டது என்று சொல்லி அழுதேன். அவள் நல்ல கையால் என் கையைத் துடைத்துவிட்டாள்.

"அழாத. நாளைக்கு வாங்கிக்கிடலாம்."

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஒன்ன என்னத்துக்கு அனுப்புனேன்? ஐசுக்கு வாயப் பொளந்துக்கிட்டுப் போயிட்டியே!" இவளைப் போய் நம்பினோமே என்றார் பெரியப்பா. அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாமா பழத்தோடு வந்தார். நாற்காலி போட்டார்கள். காப்பியும் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை என்னை அனுப்பவில்லை. கட்டுப் போட்ட கையோடு அத்தை மட்டும் அவர் பின்னால் பஸ் ஏறினாள். என்னால்தான் எல்லாம் என்று நானும் நம்பினேன். அப்பாவும் பெரியப்பாவும் நல்ல உயரமான ஆட்கள். அவர்கள் இருவரும் வீட்டில் இருக்க, மாமாவைத் தடுக்க என்னை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.