தானாக விடுவிக்கப்பட்ட ஒரு படுக்கை

காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்குச் செவிலியர் கலைச்செல்வி தொலைபேசியில் அழைத்தார். "மேடம், தொண்டூர்லேர்ந்து முனுசாமி ஐயா வந்துட்டாரு. ஸ்க்ரீன்ல அவரு பேரு இல்ல. அஞ்சு மெஷினுக்கும் வேற அஞ்சு பேரு காட்டுது." குரலில் பதற்றம் இல்லை. என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்கவுமில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வாடிக்கையாளர்களுக்காக வலைத்தளப் பணிகளைத் திட்டமிட்டு நடத்துவது என் தொழில். பல ஆண்டுகள் சென்னையில் அதைச் செய்துவிட்டு, செஞ்சியில் திண்டிவனம் சாலையில் நான்கு பேர் கொண்ட சிறு அலுவலகம் ஒன்றை அமைத்திருக்கிறேன். இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் அறிந்திருக்க வேண்டிய என் பிழை ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. நோட்டுக்குப் பதிலாக

கலைச்செல்வி வேலை பார்த்தது, செஞ்சியில் அறக்கட்டளை ஒன்று நடத்திய டயாலிசிஸ் மையத்தில். ஐந்து இயந்திரங்கள், நாளொன்றுக்கு மூன்று ஷிப்ட். எந்த நோயாளிக்கு எந்த நேரம் என்பதைக் கலைச்செல்வி ஒரு நோட்டில் எழுதி நடத்தி வந்தார். அவர் தமக்கு வேண்டியவர்களை முன்னால் எடுத்துக்கொள்கிறார் என்று யாரோ மனு எழுதிப் போட்டார்கள். அதன் பின்னரே அறக்கட்டளைச் செயலாளர் எங்களிடம் வந்தார். "மனுஷன் கை வெக்கவே கூடாது. கம்ப்யூட்டரே முடிவு பண்ணணும்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

பணியை ஆறு வாரத்தில் முடிக்கத் திட்டமிட்டேன். நாள்களைச் சேமிப்பதற்காக, முன்பு ஒரு பல் மருத்துவமனைக்குச் செய்த முன்பதிவுப் பகுதியை அப்படியே எடுத்துப் பொருத்தினேன். அதில் ஒரு விதி இருந்தது. முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நோயாளியின் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். இரவு எட்டு மணிக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தி வருகையை உறுதி செய்ய வேண்டும். அழுத்தாவிட்டால் அவருக்கு ஒதுக்கிய நேரமான ஸ்லாட் தானாக விடுவிக்கப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ளவருக்குப் போய்விடும். பல் மருத்துவமனையில் நாற்காலிகள் வீணாகக் கிடக்கும் தொல்லையை இவ்விதி அடியோடு தீர்த்திருந்தது. பல் அடைக்கத் தவறுவதும் டயாலிசிஸ் தவறுவதும் ஒன்றல்ல என்பது யாரையும்போல எனக்கும் தெரியும். ஆயினும் திட்ட ஆவணத்தின் ஒரு வரியில்கூட அந்த அறிவு இடம்பெறவில்லை.

செயலாளருடன் மூன்று கூட்டங்கள் நடத்தினேன். கலைச்செல்வியுடன் ஒன்றே ஒன்று. இரண்டு ஷிப்டுகளுக்கு இடையில், அரை மணி நேரம். அவர் உட்காரவே இல்லை. விதியை நான் படித்துக் காட்டியதும், "மேடம், இவங்க போனு..." என்று தொடங்கினார். நான் கேட்டு முடிக்க வேண்டியவை இன்னும் ஒன்பது இருந்தன. "போன் சம்பந்தப்பட்டதெல்லாம் செகண்ட் ஃபேஸ்ல பாத்துக்கலாம் சிஸ்டர்" என்றேன். முதல் வெளியீட்டில் சேராதவற்றை இப்படி இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளி வைப்பது எங்கள் தொழிலில் அன்றாட வழக்கம். அவர் தலையசைத்தார். பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டார். சைன்-ஆஃப், அதாவது எழுத்துப்பூர்வ ஒப்புதல், கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடினேன்.

2. ஆறாவது ஆள்

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது தளம் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நாள். பத்து நிமிடத்தில் மையத்துக்குப் போய்விட்டேன். முனுசாமி முழங்கால்களில் கைகளை ஊன்றி, முன்னால் குனிந்தபடி பெஞ்சின் விளிம்பில் சரிந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக இழுத்தார். பாதங்கள் வீங்கியிருந்தன. மனைவி பச்சையம்மாள் அவர் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார். "இன்னாம்மா இது? ரெண்டு நாளா படுக்க முடியாம உக்காந்தேதான் கெடந்தாரு. மொத பஸ்ஸுக்கு இட்டாந்தேன். இப்ப பேரு இல்லன்னா எங்க போறது?" என்றார்.

நான்கு படுக்கைகளில் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஐந்தாவது இடம் சேகர் என்னும் பள்ளி எழுத்தருக்குப் போயிருந்தது. முனுசாமியின் ஸ்லாட்தான் அது. சேகரும் நோயாளியே. அவர் தம் கைப்பேசியை நீட்டிக் காட்டினார். "எனக்கு கன்ஃபர்ம்னு வந்திருக்குது சிஸ்டர். ஹெச்செம் கிட்ட பர்மிஷன் கேட்டுட்டு வந்திருக்கேன். மறுபடியும் போய் நிக்க முடியாது." அவர் சொன்னதில் தவறு ஏதுமில்லை. நான் எழுதிய விதிப்படி அந்தப் படுக்கை அவருடையதே. மதிய ஷிப்டில் ஓரிடம் காலியாக இருப்பதைத் திரையில் பார்த்துச் சொன்னேன். அவர் இணங்கவில்லை. 

கலைச்செல்வி மருத்துவரிடம் ஏற்கெனவே பேசி, முனுசாமியை முதலில் எடுக்க ஒப்புதல் வாங்கியிருந்தார். முனுசாமியின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"சார், நீங்க நின்னுக்கிட்டு சண்ட போடுறீங்க. அவரால உக்காரக்கூட முடியல."

சேகர் சிறிது நேரம் பெரியவரைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மத்தியானம் எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

3. கையெழுத்து

செய்தி எட்டி, ஒன்பது மணியளவில் செயலாளர் வந்தார். கலைச்செல்வியிடம் பேசியபோது அவர் குரலை உயர்த்தவில்லை. "சிஸ்டம் சொன்னத மீறி ஆள மாத்துறதுக்கா இதெல்லாம் செஞ்சோம்? இந்த ரூலுக்கு நீ கையெழுத்துப் போட்டியா இல்லியாம்மா?"

அந்தக் கோப்பு என் பையில் இருந்தது. கலைச்செல்வி தரையைப் பார்த்தபடி, "போட்டேன் சார். என் தப்புதான்" என்றார்.

நான் பேச வாயெடுப்பதற்குள் என் தொலைபேசி ஒலித்தது. குறுஞ்செய்தியின் அடியில் உதவிக்கென்று தரப்பட்டிருந்தது என் எண். அழைத்தவர் முனுசாமியின் மகன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர்.

"மேடம், நேத்து ரெண்டு ஷிப்ட்டு சேத்துப் பாக்கச் சொல்லிட்டாங்க. உள்ள போனு எடுத்துட்டுப் போவ உடமாட்டாங்க. இப்பதான் ரூமுக்கு வந்து சார்ஜ் போட்டேன். நைனாவுக்கு கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி வந்திருக்குது. இப்ப அமுக்கினா ஏத்துக்குமா?"

கலைச்செல்வி அன்று சொல்லத் தொடங்கிய வாக்கியம் இன்னதென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் பதிவு செய்திருந்த எண்களில் பல, நோயாளிகள் கையில் இருந்தவை அல்ல. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுடையவை.

அவருடைய தந்தைக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்றும், தாய் அருகில் இருக்கிறார் என்றும் சொன்னேன்.  பிறகு, "லேட்டா பாத்தது என் தப்புதான் மேடம். நைனா பேர மட்டும் எடுத்துடாதீங்க" என்றார்.

தவறு அவருடையது அன்று என்று சொல்லிவிட்டுச் செயலாளரிடம் திரும்பினேன். "சிஸ்டர் அன்னிக்கே சொல்ல வந்தாங்க சார். நான்தான் பேச விடல. கையெழுத்து அவங்களுது, தப்பு என்னுது." அங்கிருந்தபடியே அலுவலகத்துக்குப் பேசி, தானாக விடுவிக்கும் விதியை நிறுத்தினேன். வரிசையை மாற்றும் உரிமையைக் கலைச்செல்விக்கு அளிக்க வேண்டும் என்றேன். செயலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். "மாத்தினா காரணம் எழுதணும். அது என் ஸ்க்ரீன்லயும் தெரியணும்" என்றார். அன்று மாலையே அவ்வாறு செய்து கொடுத்தோம். செயலாளரின் திரையில் முதலில் பதிவான காரணம், "மூச்சுத்திணறல், காத்திருக்க முடியாது" என்பது.

இப்போது எந்தப் பணியிலும், திரைக்கு முன்னால் நிற்கப் போகிறவரையே முதலில் பேச விடுகிறேன். அவர் முடிக்கும்வரை மடிக்கணினியைத் திறப்பதில்லை. இது ஒரு முறைமை, எவரும் பழகிக்கொள்ளலாம். அன்று நான் கற்றது இதனினும் கடினமானது. அந்த ஒரே காலையில், தவறு செய்யாத இருவர் "என் தப்பு" என்று என் காதுபடச் சொன்னார்கள். திட்டம் தவறும்போது அந்தச் சொல்லை முதலில் சொல்பவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். திட்டம் வகுத்தவர் அதை அவர்களுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அன்று நான் மூன்றாவதாகத்தான் சொன்னேன்.