அருவியின் அந்தப் பக்கம்

அன்று அவரை அருவிக்கு அழைத்துப் போகாமல் இருந்திருந்தால், என் மகள் இன்று அப்பாவின் மடியில் உட்காருவாளா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

என் கணவர் பட்டாளத்துக்காரர். சீன எல்லைச் சண்டை முடிந்து தென்காசிக்குத் திரும்பியபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அடுக்களையில் தட்டு விழுந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். டாக்டர் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். என் கணவரின் அக்காவுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"ஏட்டி, மண்டையில சூடு ஏறிட்டு. எண்ணெய் தேச்சு அருவியில நிறுத்து. எத்தன பேருக்குத் தெளிஞ்சிருக்கு!"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். பள்ளியிறுதி வரை படித்தவள் நான். மறுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் ஏதாவதொன்றை நம்ப வேண்டியிருந்தது.

ஆனி மாதச் சாரலில் குற்றாலம் போனோம். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர் ஒருவர் இவர் முதுகைத் தட்டி, "என்ன அண்ணாச்சி, ஒடம்ப இரும்பா வச்சிருக்கிய? மூச்ச விடுங்க, நான் ஒண்ணும் களவாங்க வரல" என்றார். இவர் சிரித்துவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதை நம்பித்தான், நான்கு வயது மகளின் கையை அவர் கையில் கொடுத்து ஆண்கள் பக்கம் அனுப்பினேன். நான் பெண்கள் பக்கம் போனேன்.

அருவியின் இரைச்சலுக்குள் நுழைந்ததும் அவர் பிள்ளையைப் பாறையில் தள்ளி, அவள்மேல் குப்புற விழுந்தார்.

"தலையத் தூக்காத! தூக்காத!"

"எந்திங்க அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று எண்ணெய்க்காரரும் இன்னும் நாலு பேரும் அவரை இழுத்தார்கள். நடுவே அத்தனை கூட்டம். என்னால் இந்தப் பக்கம் நின்று கத்தத்தான் முடிந்தது.

திரும்பும் வண்டியில், கட்டுப் போட்ட அவள் தாடையைத் தொடாமல் பார்த்தபடி கேட்டார்: "நல்லவேள, நான் மறைச்சிட்டேன்லா?"

"ஆமா" என்றேன். அப்படிச் சொன்னது சரியா?

இரண்டு வருடமாகிறது. அவர் கூப்பிட்டால் அவள் என் சேலைக்குள் ஒளிகிறாள். "என்னக் கண்டா ஏன் ஓடுதா?" என்று என்னிடம்தான் கேட்கிறார். அவர் காப்பாற்றியதாக நினைப்பதை, அவள் கொல்ல வந்ததாக நினைக்கிறாள் என்று எப்படிச் சொல்வேன்?

மறுபடி சாரல் வரப்போகிறது. ஒரு குளியல் போதாது, இந்த வருடம் ஒரு மண்டலம் அருவியில் நிறுத்தவேண்டும் என்கிறார் அக்கா. உங்கள் வீட்டிலும் யாராவது சண்டைக்குப் போய் இப்படித் திரும்பியிருந்தால் எனக்கு எழுதுங்கள். அவருக்கு என்ன செய்தீர்கள்? பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள்?