பச்சை ஆனிங்கும் அரக்குப் பட்டு ஜாக்கெட்டும்

பத்து நாளைக்கு முன்னால், விருதுநகர் ரோட்டில் ஒரு ஆனிங் கடையில்...

(ஆனிங் தெரியாதவர்களுக்கு: சுவரில் சுருட்டி மாட்டியிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் துணிக் கூரை விரிந்து முன்னால் வரும். எனக்கே போன மாதம்தான் தெரியும். பேச்சைப் பார்த்தால் ஆனிங்குக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி இருக்கும்!)

நான் டெய்லர். பாளையம்பட்டியில் வீடு. பின்வாசலில் சிமெண்ட் பூசிய இடத்தில்தான் என் மெஷின். வீட்டுக்குள் டியூப்லைட்டில் நூல் கலர் சரியாகத் தெரியாது என்பதால் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

ஆனால் எங்கள் ஊர் வெயில் இருக்கிறதே! பதினோரு மணிக்கு மேல் மெஷினில் கை வைக்க முடியாது. கல்யாண ஜாக்கெட்டுகளோ மலையாகக் குவிந்து கிடந்தன.

வீட்டுக்காரர் ஆரம்பித்தார்: "பேசாம தகரத்தப் போட்ருவோம் சாந்தி. இருவது வருசம் அசையாது."

"போடுங்க. கீழ நீங்க உக்காந்து தைங்க. நா உள்ள ஃபேனப் போட்டுப் படுத்துக்கிறேன்."

தகரம் கேன்சல்!

அடுத்து, நிழலுக்குக் கட்டுகிற வலை, நெட். பக்கத்து வீட்டில் போட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் கரிசல் புழுதி சல்லடையில் சலித்த மாதிரி இறங்குகிறது. கீழே அடுத்தவர் பட்டுச்சேலை இருந்தால் என் கதி என்ன? நெட்டும் கேன்சல்.

அப்படித்தான் ஆனிங் கடைக்குப் போனோம்.

கடைக்காரத் தம்பி துணி சாம்பிள்களை வரிசையாக விரித்தார். எனக்குச் சேலைக் கடைக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. நீவிப் பார்த்தேன். ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்தேன். (வீட்டுக்காரர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். இரண்டு தடவை.)

"க்ரீம் கலரு எடுங்கக்கா. தையல் வேலைக்கு வெளிச்சம் நல்லாருக்கும்."

"நம்மூருப் புழுதிக்கு க்ரீமா? பத்தே நாள்ல டீ வடிகட்டுன துணி மாதிரி ஆயிரும் தம்பி. அந்தப் பச்சையக் குடுங்க. கண்ணுக்குக் குளுமையா இருக்கு."

பச்சை வந்தது. மாட்டினார்கள். விரித்தேன். அடடா! குற்றாலமே பின்வாசலுக்கு வந்துவிட்டது!

நான்கு நாள் சுகமாகத் தைத்தேன். பாட்டு வேறு பாடிக்கொண்டே.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். பாலவனத்தத்தில் இருந்து வரும் பழைய கஸ்டமர். திங்கட்கிழமை அவர் மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். டீச்சருக்கு அரக்குப் பட்டில் ஜாக்கெட், கழுத்து, கை ஓரத்தில் அதே அரக்கில் மெல்லிசாகப் பைப்பிங்.

"நல்லா வந்திருக்குத்தா" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சேலைக் கடையில் நாம் எல்லோரும் செய்வதுதானே, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பது!

"ஏத்தா சாந்தி... இங்கன வா."

"என்ன டீச்சர்?"

"பைப்பிங் என்னத்தா காப்பிக் கலர்ல இருக்கு?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜாக்கெட் அரக்கு. பைப்பிங் காப்பி. நூலும் காப்பி!

என் பெட்டியில் இரண்டு கலரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பச்சைத் துணிக்குக் கீழே இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. ஒரு கைக்குட்டை வாங்கினால்கூட வெயிலில் பார்த்து வாங்குகிறவள், ஆனிங் துணியை மட்டும் ஏசியில் உட்கார்ந்தே பார்த்து வாங்கிவிட்டேன். அதுவும் கலர் தெரியவேண்டும் என்று வெளியே மெஷின் போட்டவள்!

பதினாறு வருடமாகச் சேர்த்த பேர். ஒரே கல்யாண வீட்டில், அத்தனை பேர் முன்னால் போய்விடப் போகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுவுறத விட்டுட்டுப் பிரி. நாளைக்கு எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. நீ முடிக்கிற வரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

ஆனிங்கைச் சுருட்டினேன். வெயில் முகத்திலேயே அடித்தது. டீச்சர் தன் கறுப்புக் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

"டீச்சர், நீங்க உள்ள போயி உக்காருங்க."

"நீ தையி. கறுப்புக் கொடதான, கலர மாத்தாது."

கடைக்குப் போய்விட்டு வந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ சாந்தி, ஆனிங்கச் சுருட்டி வச்சிட்டுக் கொடையப் பிடிச்சா தைக்கிறீக?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். ஐந்தரைக்கு ஜாக்கெட் தயார். மறுபடி தெருவில் இறங்கிப் பார்த்தார். "இப்பச் சரித்தா!"

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டு க்ரீம் துணி கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. (சிரிப்பை அடக்கியது கேட்டது. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி தம்பி!) வியாழக்கிழமை மாற்றித் தருகிறாராம்.

டீச்சர் வெளியே சொல்லிவிடுவாரோ என்று மட்டும் மனசுக்குள் பயம்.

சொல்லிவிட்டார். கல்யாண வீடு முழுக்க!

இன்று காலையில் மூன்று பெண்கள் பட்டுச்சேலைப் பைகளோடு வந்து நின்றார்கள்.

"டீச்சர் சொன்னாக. தப்பாப் போனா மூஞ்சியத் தூக்காம, அன்னைக்கே பிரிச்சுத் தைச்சுக் குடுக்குற டெய்லரு நீங்கதானாமே?"

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் பேர் எங்கேயும் போகவில்லை! ஓடிப் போய் ஆனிங்கை விரித்து, மூன்று நாற்காலி போட்டு, "வாங்க வாங்க, நெழல்ல உக்காருங்க" என்றேன்.

ஒருத்தர்கூட ஆனிங்குக்குக் கீழே கால் வைக்கவில்லை.

மூன்று பேரும் சேலைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்கள்.

"இருக்கட்டும்க்கா... இங்கன வச்சே அளவெடுங்க!"