தேமா துறைமுகத்துக் கோழிக்குழம்பும் என் தங்கையும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், தெருக்காரர்களுக்கும், என் கடைக்கு வந்து போகிற அன்பர்களுக்கும் வணக்கம். என் தங்கை எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நீங்கள் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொடுக்கிறோம் என்று படித்தவர்கள் சிலர் வந்தார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ரங்கூன் தின்கன்ஜூனில் டயர் வேண்டுமென்று எந்த பஸ் டிரைவரைக் கேட்டாலும் என் கடைக்குத்தான் வழி காட்டுவான். ரோட்டோரத்தில் ஒரு காற்றடிக்கிற பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், இன்றைக்கு இரண்டு மாடி கட்டியிருக்கிறேன். கடையை உண்டாக்கினவனுக்குக் கட்டுரை உண்டாக்கத் தெரியாதா என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தங்கையை 'அவர்' என்று எழுதவேண்டும், மலருக்கு அதுதான் மரியாதை என்று தங்கை மகள் சொல்லிவிட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை 'அவர்' என்று எழுதக் கை தயங்குகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் தங்கை பிறந்தது ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், மண்சட்டிக்குப் பேர்போன த்வாண்டேயில். அப்பா அங்கே நெல் ஆலையில் மூட்டை தூக்கினார். தங்கை சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். கொஞ்ச காலத்தில் அப்பாவும் போய்விட்டார். நான்தான் அவரை ரங்கூனுக்குக் கூட்டி வந்தேன். பகலில் நான் பஞ்சர் ஒட்டினேன். அவர் தையல் படித்தார். பிற்பாடு எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு அவர் தைத்த ரவிக்கைதான். கஷ்டப்பட்டோம் என்று நீட்டி எழுதப் போவதில்லை. எல்லோரும்தான் கஷ்டப்பட்டார்கள்.

தங்கையிடம் இருந்த ஒரு குணத்தைத்தான் எழுதவேண்டும். அவர் கேட்காமல் விடமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்கு முன் பின்கட்டுக்குப் போய், சமையல்காரரிடம் சாம்பாருக்கு வெல்லம் எப்போது போட்டீர்கள் என்று கேட்பார். கோயிலில் ஐயரிடம் கேட்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற பர்மாக்கார அம்மாளின் கூடையில் என்ன கீரை என்று கேட்பார், வாயில் போட்டும் பார்ப்பார். "எல்லாத்தையும் தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்று நான் ஏசுவேன். "தெரியாம இருந்து என்ன பண்றது அண்ணே?" என்பார்.

அவருக்கு மாப்பிள்ளை பார்த்தது நான். கெட்டிக்கார ஃபிட்டர். எண்பத்தெட்டாம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வேலை வெட்டி இல்லாமல் பையன்கள் பலர் கப்பல் ஏறினார்கள், மாப்பிள்ளையும் ஏறினார். என்ஜின் அறையில் வேலை. நான் ஊரெல்லாம் 'என் மாப்பிள்ளை கப்பல் ஆபீசர்' என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்லத் தகுந்த ஆள்தான், அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு பயணத்தில் அவருடைய கப்பல் ஆப்பிரிக்காவில், கானா நாட்டுத் தேமா துறைமுகத்தில் என்ஜின் பழுதாகி நின்றுவிட்டது. மாதக்கணக்கில் ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை இளைத்துப் போயிருந்தார். ஆனால் ஒரு புதுப் பேச்சோடு வந்தார். சோற்றில் உட்கார்ந்தால், "அங்க ஒரு குழம்பு உண்டு. தக்காளியும் கோழியும். செக்கச் செவேர்னு இருக்கும்" என்பார். அதற்கு மேல் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்.

அவரோடு கப்பலில் இருந்த இரண்டு பேர் தின்கன்ஜூன் டீக்கடையில் வேறு மாதிரி பேசினார்கள். துறைமுகத்து வாசலில் சோற்றுக்கடை வைத்திருந்த ஒரு பொம்பளை வீட்டிலேயே மாப்பிள்ளை கிடந்தாராம். அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்குமென்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதுக்கு வந்தது. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். "மாப்பிள்ளைய இன்னிக்கே கேட்டுருவோம். பதில் சரியில்லைன்னா நீயும் பிள்ளையும் என் வீட்டுக்கு வந்துருங்க. மாடியில ரூம் இருக்கு" என்றேன்.

தங்கை அழுவார் என்று நினைத்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "கேட்டா இல்லைம்பாரு. நீங்க நம்ப மாட்டீங்க. எனக்கும் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்கும். அண்ணே, முதல்ல அந்தக் குழம்ப நான் ஆக்கிப் பாக்குறேன்" என்றார்.

"குழம்புல என்ன தெரியும்?"

"பாப்போம். நான் இதுவரைக்கும் தின்னாத குழம்பு வேற."

குடித்தனம் இருக்குமா போகுமா என்கிற நேரத்தில் தின்னாத குழம்பைப் பற்றி யோசிக்கிற பெண் அவர்.

முதல் தடவை நம் வழக்கப்படி மஞ்சள், மல்லித்தூள் எல்லாம் போட்டு, புளியும் கரைத்து ஊற்றிவிட்டார். மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு, "நம்ம கோழிக்குழம்பு. நல்லாத்தான் இருக்கு. அது இது இல்ல" என்றார். அடுத்த தடவை புளியை நிறுத்தி, தக்காளியை வதக்கி, பச்சைக் கோழியை அதில் போடப் போனார். கதவோரம் நின்ற மாப்பிள்ளை தன்னை அறியாமல், "அப்படியே போடாத. இஞ்சி வெங்காயம் தட்டிப் போட்டு முதல்ல அவிக்கணும். அப்புறம் எண்ணெயில பொரிக்கணும். அவிச்ச தண்ணிய வச்சுக்கணும்" என்றாராம்.

"கடையில உக்காந்து தின்னவருக்கு அடுப்படி சங்கதி எப்படித் தெரியும்?" என்று தங்கை கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை வெளியே போய்விட்டார்.

இதைத் தங்கை என்னிடம் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. நம் ஆட்களில் விருந்தாளி முன் அறையோடு நிற்பான். ஒரு வீட்டு அடுப்படி வரை போகிற ஆண்பிள்ளை அந்த வீட்டு ஆண்பிள்ளைதான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். தங்கையும் அன்றைக்கு முகம் வாடித்தான் இருந்தார். "இன்னும் குழம்பு முடியல அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டு டோ மியாவும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் பர்மாக்கார அம்மாள். தங்கையை 'ஞீமலே', தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஞீமலே, சீ ப்யான் வரலையே" என்றார். எண்ணெய் திரும்ப மேலே வருவதைத்தான் அவர்கள் சீ ப்யான் என்பார்கள். "தக்காளித் தண்ணி சுண்டணும். சுண்டினப்புறம் எண்ணெயிலேயே கிடந்து வறுபடணும். புளிப்பு போய் இனிப்பு வரும். கொஞ்சம் நாப்பி போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார். நாப்பி என்பது உப்புப் போட்டு ஊறவைத்த மீன் விழுது, அவர்களுக்கு அது இல்லாமல் சமையல் இல்லை.

"நாப்பி வேணாம் அக்கா. அந்த ஊர்ல அது இருக்காது."

"இல்லாத ஊர்ல எப்படித்தான் உயிரோட இருக்காங்களோ" என்றார் டோ மியா.

அந்த முறை வந்த குழம்பை மாப்பிள்ளை வாயில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். "கிட்ட வந்துருச்சு. தக்காளிய அரைச்சதுதான் சரியில்ல. அம்மியில அரைச்சா சாறு ஓடிரும். உரல்ல இடிச்சா தெறிச்சுரும். அதுக்குன்னு ஒரு மண்சட்டி உண்டு. உள்ளுக்குள்ள கோடு கோடா கீறியிருக்கும். மரத்துல ஒரு குழவி. இடுப்பு ஒடுங்கி ரெண்டு பக்கமும் விரிஞ்சு இருக்கும்" என்று கையால் காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தவர் தங்கை பார்ப்பதைக் கண்டதும் கையை இறக்கிவிட்டார்.

மறு வாரம் தங்கை என் கடையில் வந்து நின்றார். "அண்ணே, த்வாண்டேக்குப் போவோம். சட்டி வனையச் சொல்லணும்." அப்போது என்னிடம் இருந்த ஜீப், அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஆனால் ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். ஆகவே ஜீப்பைக் கரையில் விட்டுவிட்டு, அக்கரையில் தலாவுக்குப் படகேறி, அங்கிருந்து வாடகை வண்டியில் போனோம். த்வாண்டேயில் ஊ தின் என்று ஒரு வயசான குயவர். தங்கை பழைய சீப்பு ஒன்றை எடுத்து, ஈரச்சட்டியின் உள்பக்கம் இழுத்துக் காட்டினார். ஊ தின் சிரித்தார்.

"வெளியே கோடு போட்டா பாக்குறவங்களுக்கு. உள்ளே போட்டா யாருக்கும்மா?"

"தக்காளிக்கு" என்றார் தங்கை.

ஊ தினுக்கும் ஆசை வந்துவிட்டது. உடைந்தாலும் இருக்கட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாக வனைந்து, சுட்டு அனுப்பினார். குழவியை என் கடைக்குப் பக்கத்துத் தச்சரிடம் கடைந்து வாங்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முடிவோடுதான் போனேன். குழம்பு எப்படி இருந்தாலும் சரி, சாப்பிட்டதும் மாப்பிள்ளையைக் கேட்பது. பதில் சரியில்லையென்றால் தங்கையைக் கையோடு அழைத்துப் போவது. தங்கை தக்காளி, வெங்காயம், மிளகாயெல்லாம் அவித்து எடுத்து, சட்டியையும் குழவியையும் தரையில் வைத்து, தான் அரைக்க உட்கார்ந்தார். தக்காளி நழுவி வெளியே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இப்படிக் குடு" என்று சட்டியை வாங்கி, சின்ன முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். குழவியின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தார். மணிக்கட்டுதான் திரும்பியது, தோள் அசையவில்லை. முதலில் மிளகாய், அது மசிந்ததும் வெங்காயம், கடைசியில் தக்காளி. மிளகாய்க் காரம் ஏறும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. நான் கைத்தொழில் செய்து முன்னுக்கு வந்தவன். பழகின கை எது, பார்த்துச் செய்கிற கை எது என்று எனக்குத் தெரியும்.

தங்கை குனிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எத்தனை பேருக்கு அரைச்சீங்க?"

மாப்பிள்ளை கை நின்றது. "கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும்" என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கப்பலில் அரிசி தீர்ந்துபோயிருக்கிறது. வாசலில் சோற்றுக்கடை வைத்திருந்த அம்மாள் வயதில் பெரியவர். புருஷனும் பிள்ளைகளும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் பசியோடு நிற்பதைப் பார்த்துக் கூப்பிட்டுச் சோறும் குழம்பும் போட்டிருக்கிறார். சும்மா தின்ன இவருக்கு மனசு வரவில்லை. அந்த அம்மாள் சட்டியைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். கப்பல் நின்ற காலம் முழுக்க, விடிந்ததும் போய் அரைத்துக் கொடுத்து, கோழி அவித்து, பாத்திரம் கழுவிச் சாப்பிட்டிருக்கிறார்.

"இத ஏன்யா சொல்லல?" என்றேன் நான்.

"எப்படி மச்சான் சொல்றது? நீங்க ஆபீசர்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க. ஆபீசர் அங்க ஒரு பொம்பளை கடையில மிளகா அரைச்சான்னு எப்படிச் சொல்றது? கூட இருந்த பசங்க பாத்துச் சிரிச்சானுங்க. ஊர்ல சொல்லிராதீங்கடான்னேன். வேற கதையைக் கட்டிவிட்டானுங்க. சரி, அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மிளகாய் அரைத்தான் என்பதைவிட வேறு குடும்பம் வைத்திருந்தான் என்பதே மேல் என்று ஒரு மனிதன் நினைத்திருக்கிறான். தங்கை தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபின், "அந்த அம்மா பேரு என்ன?" என்றார்.

"எல்லாரும் ஆன்ட்டின்னு கூப்பிடுவாங்க."

"பேரு கேக்கலையா?"

"கேக்கல."

அப்போதுதான் தங்கைக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் வராத கோபம். "உயிரைக் காப்பாத்தி விட்டிருக்காங்க. பேரு கூடக் கேக்காம கப்பல் ஏறி வந்துட்டீங்களா? என்ன மனுஷன் நீங்க?" ஒத்தாசைக்கு வந்திருந்த டோ மியாதான் அடுப்பைப் பார்க்கச் சொன்னார். அன்றைய குழம்பில் எண்ணெய் திரும்பி மேலே மிதந்தது. மாப்பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுதான்" என்றார். நாங்கள் எல்லோரும் அதை முதன்முதலாகத் தின்றோம். புளிப்பில்லாத இனிப்பும், பின்னால் வருகிற காரமுமாக நன்றாக இருந்தது. நான் இரண்டாம் தரம் வாங்கினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரைப்பது மாப்பிள்ளை, தாளிப்பது தங்கை. நான் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் அழைத்துப் போய், 'என் மாப்பிள்ளை கையால் அரைத்தது' என்று சொல்லி விருந்து வைத்தேன். மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் கப்பல் ஏறுகிற பையன் என்று கேள்விப்பட்டால் தங்கை அவன் வீட்டுக்கே போய், தேமாவில் இறங்கினால் துறைமுக வாசல் சோற்றுக்கடை அம்மாளின் பேரைக் கேட்டு வா என்று சொல்லி அனுப்புவார். சிலருக்கு அங்கே இறங்க வாய்க்கவில்லை. இறங்கின ஒருவன் அந்த இடத்தில் இப்போது பெரிய மதில் இருக்கிறது என்றான்.

பிற்பாடு சிறுநீரகக் கோளாறு வந்து தங்கை படுத்தார். நல்ல டாக்டர்களைத்தான் வைத்தேன். அந்த நிலையிலும் சொட்டுச் சொட்டாக ஏறும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று நர்ஸைக் கேட்டார். உப்பும் காரமும் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால், மாப்பிள்ளை இரண்டும் இல்லாமல் ஆக்கிக் கொண்டுவந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "இது எந்த ஊர்க் குழம்பு?" என்று கேட்டுவிட்டுத் தங்கை சிரித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

இனி நன்றி. கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த டோ மியாவுக்கு நன்றி. ராத்திரியெல்லாம் விழித்திருந்த நர்ஸ் பெண்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், கோயில் கமிட்டியாருக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத மாப்பிள்ளைக்கும் தங்கை மகளுக்கும் நன்றி. இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரை விடக்கூடாது, முறையாகப் பேர் போட்டுத்தான் நன்றி சொல்லவேண்டும் என்பது என் தங்கை என்னிடம் கேட்டுக்கொண்டது. அதனால் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் கப்பல் ஏறுகிறவர்கள் கேட்டு வந்து சொல்லுங்கள். மலர் வாங்கின ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வந்து எழுதித் தருகிறேன்.

தேமா துறைமுகத்தில் எங்கள் வீட்டு மனிதருக்குச் சோறு போட்ட அம்மையார் ........................................ அவர்களுக்கு, என் தங்கையின் நன்றி.