டிரைவர் பார்க்கும் கண்ணாடி

ஆவடியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பாத்திர அலமாரி அடிக்கடி நடுங்கும். பின்பக்கத்து மைதானத்தில் ராணுவத் தொழிற்சாலையில் செய்த புதிய டாங்குகளை ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டிப் பார்ப்பவர்களில் என் அப்பாவும் ஒருவர். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் போய் லாரிகளுக்குப் பயந்துகொண்டு திரும்பி வருவார்கள். என் அப்பாவை லாரி இடித்தால் லாரிதான் நசுங்கும். எட்டு வயதில் அந்த நினைப்பு எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

அந்தத் தைரியத்தைக் கெடுத்தவர் அம்மாவின் தம்பி. மாமா பருத்திப்பட்டில் கேபிள் டிவி நடத்திவந்தார். பழைய உலகப் போர்ப் படங்கள் எங்கிருந்தோ கிடைத்தால் தன் சேனலில் போட்டுவிட்டு, நாங்கள் பார்க்கிறோமா என்று சோதிக்க வீட்டுக்கே வந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி ஒரு படம் ஓடியது. பனியில் இரண்டு சிப்பாய்கள் ஒரு நீளமான துப்பாக்கியை ஆளுக்கொரு முனையாகத் தோளில் சுமந்து வந்தார்கள். கீழே வைத்தார்கள், படுத்தார்கள், சுட்டார்கள். தூரத்தில் வந்த டாங்க் நின்றுவிட்டது.

"இன்னா பாப்பா, டாங்குன்னா ஒண்ணியும் ஆவாதுன்னு நெனச்சிகினியா? ரெண்டு ஆளு தூக்கிகினு வர துப்பாக்கி. எப்டி நிக்க வெச்சிட்டான் பாரு!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எந்தக் கேள்வியையும் நிதானமாக எடுத்துக்கொள்பவர். சமையலறையிலிருந்து தோசைக்கல்லைக் கொண்டுவரச் சொன்னார். "ஆரம்பத்துல டாங்கோட தகடு இதைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அப்ப அந்தத் துப்பாக்கி துளைச்சிடும். அப்புறம் தகட்டை அம்மிக்கல்லு கனத்துக்குப் பண்ணிட்டாங்க. குண்டு பட்டுத் தெறிச்சிடும், உள்ள போவாது. இப்ப அந்தத் துப்பாக்கியே கெடையாது, பாப்பா."

எனக்கு மூச்சு வந்தது. மாமா விடவில்லை. அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

"தொளைக்கலன்னதும் கடாசிட்டானா மாமா? சண்டை முடியிற வரிக்கும் வெச்சிகினு சுட்டான்ல! தகட்ட வுட்டுட்டு சக்கரத்துல சுட்டான். டிரைவரு பாக்குற கண்ணாடியில சுட்டான். கண்ணு போனா டாங்கு குருடுதான?"

அப்பா தோசைக்கல்லைத் தரையில் வைத்தார். "அது நிஜம்தான்" என்றார்.

டிரைவர் என்றால் அப்பா. அவர் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில்தான் சுடுவார்கள். அன்றிலிருந்து அலமாரி நடுங்கும்போதெல்லாம் பின்கதவைத் திறந்து மைதானத்தை எட்டிப் பார்ப்பேன். தெருவில் இரண்டு பேர் ஏணி தூக்கிக்கொண்டு போனால்கூட வீட்டுக்குள் ஓடிவிடுவேன்.

அந்த வருடம் எல்லையில் படைகளைக் குவிக்கிறார்கள் என்று செய்திகளில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது, ஆயுத பூஜை முடிந்ததும் டாங்குகளோடு தன்னையும் ராஜஸ்தானுக்கு அனுப்புகிறார்கள் என்று அப்பா சொன்னார். பட்டாளத்துக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டவும், பழுது பார்க்கவும். அம்மாவின் ரசக்கரண்டி பாதியில் நின்றது.

ஆயுத பூஜையன்று தொழிற்சாலைக்குள் குடும்பத்தினரை விடுவார்கள். டாங்குகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பீரங்கிக் குழலுக்கு மாலை. மற்றப் பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள். அப்பா என்னைத் தூக்கி டிரைவர் உட்காரும் குழிக்குள் இறக்கினார். உள்ளே டீசல் நாற்றமும் இருட்டும். அப்பா மேலே மண்டியிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "அந்தக் கண்ணாடியில பாரு, எல்லாம் தெரியும்" என்றார்.

பார்த்தேன். உலகம் ஒரு ரிப்பன் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. வானம் இல்லை, பக்கங்கள் இல்லை. அந்த ரிப்பனுக்குள் தூரத்தில் இரண்டு பேர் நீளமாக எதையோ தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். நேராக எங்களை நோக்கி. முன்னால் வந்தவன் ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். நீளமான அந்தப் பொருளின் முனை என் கண்ணுக்கு நேராகத் திரும்பியது.

நான் அலறினேன். அப்பாவின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து, அவரைக் குனியவைக்க உள்ளே இழுத்தேன். அவர் நெற்றி இரும்பு விளிம்பில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புருவத்துக்கு மேலே கிழிந்து என் பாவாடையில் ரத்தம் சொட்டியது. சுட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெளியே தூக்கியபோது பார்த்தால், மாமாவும் அவருடைய கூட்டாளியும் வாழை மரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். டாங்கில் கட்டுவதற்காகத் தூக்கி வந்திருக்கிறார்கள். மாமா கனம் தாங்காமல் முழங்கால் போட்டிருக்கிறார்.

"இன்னாச்சு மாமா? இன்னா ரத்தம்?" என்றார். நான் அவரைப் பார்த்து இன்னும் பலமாக அலறினேன். விக்கிக்கொண்டே நான் விஷயத்தைச் சொன்னபோது, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாழை மரத்தை எடுக்கப் போனார். அப்பாவும் சிரிக்கவில்லை.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பியதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அங்க போனா கண்ணாடியில பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுப்பா."

"பாக்க மாட்டேன்."

"தலையில அடிச்சுப் பண்ணு."

என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அதோடு என் பயம் முழுக்கப் போய்விட்டது. அடுத்த வாரம் ரயிலேறியவருக்குச் சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.

சண்டை வரவில்லை. அப்பா சித்திரையில் ஆள் அடையாளம் தெரியாமல் கறுத்துப்போய்த் திரும்பிவந்தார். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. செய்தி நேரத்தில் டிவி முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கோபமாக வரும். அப்பாதான் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாரே, அதை நம்பாமல் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.