பத்தாவது படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மூஞ்சிக்கு நேரே சிரித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி நாலைந்து வருஷம், எந்தப் புது வீட்டு மாடிக்குப் போனாலும் படியை வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறினேன். பத்து வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

செங்கல்பட்டில் ஒரு இன்ஜினியரிடம் வீட்டுப் படம் வரைகிற வேலை எனக்கு. ஆரம்பத்தில் போர்டும் ஸ்கேலும் டிரேசிங் பேப்பரும்தான். பிறகு சார் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். படம் வரைகிற சாஃப்ட்வேரைப் பதினைந்தே நாளில் பிடித்துக்கொண்டேன். கூடவே தலைக்கனமும் வந்து ஏறிக்கொண்டது. மேஸ்திரிகள் சந்தேகம் கேட்டு வந்தால் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொல்வேன்.

நான் வரைந்த வீடுகளின் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவார்கள். மதுராந்தகம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நெல் வியாபாரி வீட்டுக்குப் போயிருந்தேன். கோடாகப் பார்த்த வீட்டைச் சுவராகப் பார்க்கிற ஆசையில் மாடி ஏறினேன். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் கால் எடுத்து வைத்தேன், விரலை யாரோ பிடித்துக்கொண்டார்கள். இடறவில்லை, வழுக்கவில்லை, பிடித்தார்கள். இரண்டு கையையும் ஊன்றி விழுந்தேன். பின்னால் வந்த வியாபாரியின் தங்கச்சி சிரிப்பாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"உன்னையுமா?" என்றாள். "காலைலேர்ந்து நீ நாலாவது ஆளு. எங்கண்ணன்கிட்ட சொல்லாத."

அடுத்த மாதம் அந்த வழியாகப் போனபோது வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு வாத்தியார் வீடு. கிறிஸ்தவக் குடும்பம். மாடித் திருப்பத்தில் சிலுவை மாட்டி, ஃபாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"பத்தாவது படிம்மா," என்றார் வாத்தியார். "கீழேர்ந்து எண்ணிப் பாத்தோம். ஏறும்போது விரலப் புடிக்குது. எறங்கும்போது காலுக்கு அடியில தரையே இல்லாத மாதிரி கீது. படிச்சவன், வெளிய சொல்ல வெக்கமா கீது."

மண் வேறு, ஆட்கள் வேறு, சாமி வேறு. இரண்டு வீட்டுக்கும் பொதுவானது நான் ஒருத்திதான். ஏதோ ஒன்று வீடு வீடாக என் பின்னாலேயே வருகிறது என்று நினைத்தேன். வெளியே வீறாப்பு, உள்ளே உதறல். யாருக்கும் தெரியாமல் ஒரு தாயத்து வாங்கி ஜாக்கெட்டுக்குள் முடிந்துகொண்டேன். கைப்பையில் அளவு டேப்பு எப்போதும் கிடந்தது. அதை எடுத்து ஒரு தடவை அளந்து பார்க்கத் தோன்றவே இல்லை. என் படத்தில் தப்பு இருக்கும் என்று நினைப்பதைவிட, பேய் இருக்கும் என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்த ஒருவர் ஆபீசுக்கு வந்தார். சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கமாக வீடு கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. படம் என்னுடையதுதான். உள்ளே இருக்கிற மாடிப்படியை எடுத்துவிட்டு வெளிப்பக்கம் போட்டு வரைந்து தரவேண்டும் என்றார்.

"நல்லாத்தானே இருக்கு. ஏன் இடிக்கணும்?" என்றேன்.

நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் ஒய்ஃபு வுழுந்துட்டா மேடம். வயித்துல நாலு மாசம். தங்கல. யாரோ காலப் புடிச்சாங்கன்னு சொல்லிகினே கீறா. எங்கம்மா, 'படில ஒண்ணும் இல்ல, இவ மேலதான் இன்னாமோ கீது'ன்னு சொல்லி அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. மந்திரிக்க ஆளு பாக்குறாங்க. அதுக்கும் சரியாவலன்னா அத்துவுட்டுடலாம்ங்கறாங்க. படிய மாத்திட்டா கூட்டிகினு வந்துடலாமான்னு பாக்குறேன்."

"எந்தப் படி?" என்று கேட்கும்போதே எனக்கு விடை தெரியும்.

"திரும்புற எடத்துல. பத்தாவது."

ஃபைலைத் திறந்தேன். படிக்கட்டை அழிக்க, அதைச் சுற்றி மௌஸால் ஒரு கட்டம் இழுத்தேன். படிகளும் பக்கத்தில் அங்குலத்தில் எழுதியிருந்த உயரங்களும் நிறம் மாறின. ஆறேகால், ஆறேகால், ஆறேகால் என்று வரிசையாகப் போன எண்களுக்கு நடுவில், பத்தாவது படியில், ஏழரை என்று இருந்தது. அழிக்கிற பொத்தானுக்கு மேல் என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

எல்லாம் ஞாபகம் வந்தது. படிகள் ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்பார்கள் நம் ஆட்கள். வலது காலை வைத்து ஏற ஆரம்பித்தால் மாடியிலும் வலது கால்தான் விழவேண்டும். பத்தடி உயரத்துக்கு இருபது படி என்றால் ஒவ்வொன்றும் ஆறங்குலம், அம்சமாக வரும். பத்தொன்பது என்றால் சாஃப்ட்வேர் ஆறே சொச்சம் என்று ஒரு கணக்குச் சொல்லும். அந்தச் சொச்சத்துக்கு எந்த மேஸ்திரி டேப்பிலும் கோடு கிடையாது. இந்தப் படிக்கட்டை முதல்முறை ஒரு வீட்டுக்கு வரைந்த அன்றைக்கு ஏதோ அவசரம். சாஃப்ட்வேர் போட்டுத் தந்த படிக்கட்டைத் தனித்தனிக் கோடுகளாக உடைத்து, பதினெட்டுப் படிக்கு ஆறேகால் என்று கையாலேயே திருத்தினேன். மிச்சம் நின்ற ஏழரை அங்குலத்தைப் பத்தாவது படியின் தலையில் கட்டினேன். கூட்டினால் பத்தடி சரியாக வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்த முதல் வீட்டு மேஸ்திரி படத்தை எடுத்துக்கொண்டு வந்து கேட்டார்: "இன்னாம்மா, பத்தாவது படி மட்டும் ஒசரமா கீது?"

"படத்துல இன்னா கீதோ அதக் கட்டு மேஸ்திரி. எனக்குப் பாடம் எடுக்காத," என்றேன். அவர் போய்க் கட்டினார்.

எங்கள் ஆபீசில் எந்த வீட்டையும் முதலிலிருந்து வரைவதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, வேறு பேரில் சேமித்து, சுவரை இழுத்து நீட்டுவோம். கஷ்டப்பட்டுப் போட்ட படிக்கட்டை யார் தொடுவார்கள்? கல்பாக்கத்துக்காரரை உட்காரவைத்துவிட்டு ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தேன். நெல் வியாபாரி வீடு. வாத்தியார் வீடு. திருக்கழுக்குன்றத்தில் ஒன்று, கேளம்பாக்கத்தில் ஒன்று. வாசல் வேறு, சமையலறை வேறு, பூஜை அறை வேறு. நடுவில் அதே படிக்கட்டு, அதே ஏழரை. என் பின்னால் எதுவும் வரவில்லை. நான்தான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அதைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு சாரிடம் சொன்னேன். சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வாய மூடிகினு வெளிப்பக்கம் படி போட்டுக் குடுத்துடு. பேய்னு அவனே சொல்றான். உனக்கு இன்னா வந்துது? என் லைசென்ஸ் போனா நீயா குடுப்ப?"

"அந்தப் பொண்ணு பைத்தியக்காரின்னு பேரு வாங்கிகினு நிக்குது சார்."

"அது அவங்க வூட்டுப் பிரச்சனை."

மறுநாள் அவர் வந்ததும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வரச்சொன்னேன். சார் அதற்கப்புறம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

உச்சி வெயில் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். கடல் காற்று மணலை வாரி வாசலில் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், கீழ்ப்படிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு மூன்று சுற்று.

மாமியார் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நானும்தான் டெய்லி ஏறி எறங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒரு தடவை ஏறுங்கம்மா, பாக்கலாம்," என்றேன்.

ஏறினார். திரும்புகிற இடம் வந்ததும் அவர் கை தானாகப் போய்ச் சுவரைப் பிடித்தது. கால் மற்ற படிகளைவிட ஒரு பிடி உயரமாகத் தூக்கி வைத்தது.

"அங்க ஏன் சுவத்தப் புடிச்சீங்க?"

தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெர்லியே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்தேன். அந்தப் பெண்ணின் புருஷன் கூடவே ஏறி வந்து சத்தமாகப் படித்தார். ஆறேகால். ஆறேகால். பத்தாவதில் டேப்பைப் பார்த்தவர், குனிந்து மறுபடியும் பார்த்தார். "ஏழரை," என்றார். பிறகு படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "பேயும் இல்ல ஒரு மண்ணும் இல்லம்மா," என்று தன் அம்மாவிடம் சொன்னார். "அவ சொன்னது நெசம். காலு மாட்டிகிச்சு. நாமதான் நம்பல." மாமியார் இறங்கி வந்து மருமகளின் கையை எடுத்து, மணிக்கட்டில் இருந்த கயிற்று முடிச்சை நகத்தால் அவிழ்க்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்த ஏழரைய யாரு போட்டது?"

"நான்தான்மா," என்றேன். "வேற யாரும் இல்ல. மேஸ்திரி கேட்டும் நான் மாத்தல." அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. கிட்டே வந்து என் நெற்றி, கண், வாய் என்று நிதானமாகப் பார்த்தாள்.

"காலப் புடிச்சதுக்கு மொகம் எப்டி இருக்கும்னு இத்தன நாளா யோசிச்சுகினே கெடந்தேன்க்கா," என்றாள்.