சுகயீன லீவு

பல்லேபொலயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கிளினிக் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான், டாக்டர்மார் ஸ்ட்ரைக் என்று தெரிந்தது. என்னிடம் சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசை இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் எழும்பவில்லை. பத்து மணிக்கு ஸ்ட்ரைக் முடிந்துவிட்டால் இடம் போய்விடுமே.

"அவங்களுக்குச் சம்பளம் பத்தலன்னா நாங்க சாகணுமா?" என்றார் ஒருவர்.

"ராப்பகலா நிக்கிறாங்க, அவங்களும் மனுசங்கதானே," என்றார் ஓர் அம்மா.

நான் கிளினிக் கொப்பியை விட்டுத் தலை நிமிரவில்லை.

பக்கத்தில் இருந்தவர் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா. "நீங்க சொல்லுங்க டீச்சர், இது நியாயமா?"

வேறு ஆளே கிடைக்கவில்லையா இந்த மனுசனுக்கு? எங்கள் சம்பளப் போராட்டத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நாளில் சுகயீன லீவு போட்டோம். கல்லுக்குண்டு மாதிரி இருந்த நானும் சுகமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அன்று பூட்டிய ஸ்கூல் கேட்டிலிருந்து மகளைத் திருப்பிக் கூட்டிப்போனவர் இவர்.

நியாயம் என்றால் குளிசையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். அநியாயம் என்றால் அந்த லீவை என்ன சொல்வது? வெறும் வயிற்றில் வந்த எனக்கு உண்மையாகவே கண் இருட்டியது.

"தலை சுத்துதுங்க," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னைக்கு நெசமாவே சுகமில்லையா, டீச்சர்?"